விலாவில் எழுதிய சிங்கம்

முதலில் எல்லாப் பழியும் மரவள்ளிக்கிழங்கின் தலையில்தான் விழுந்தது. ஜப்பான்காரர்கள் காலத்தில் எங்கள் வீட்டில் எந்த வலி வந்தாலும் அப்படித்தான். காலையில் மரவள்ளிக் கஞ்சி, மத்தியானம் மரவள்ளிப் பிட்டு, சாயங்காலம் அதே கிழங்கை வேறு விதமாக நறுக்கி வேகவைத்து அதற்கு ஒரு புதுப் பெயர். ஆகவே என் இடது மார்புக்குக் கீழே, விலாவில், யாரோ பழுக்கக் காய்ந்த கரண்டியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தபோது மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வாய்வு, புள்ள. மூணு வேளையும் கெழங்கத் தின்னா வேற என்ன வரும்?"

மதினி என் கணவரின் அக்கா. என் மகள் பிறந்தபோது உதவிக்கென்று ஜொகூரிலிருந்து வந்தவர், குழந்தைக்கு ஏழு மாதம் ஆகியும் எங்களோடுதான் இருந்தார். சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறையும் பாதிச் சமையலறையும் இருந்தன.

நான் இதயம் என்று நினைத்தேன். இடது பக்கம் அல்லவா? ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்தவள் நான். சுகாதாரப் பாடத்தில் இதயத்தின் படம் வரைந்து நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதியவள். அவ்வளவு தெரிந்தவளுக்கு நிம்மதி ஏது? ஆனால் வீட்டில் பெரியவர் வாய்வு என்று சொல்லிவிட்டபோது இதயம் என்று எதிர்த்துப் பேசுவது மரியாதையில்லை என்றும் தோன்றியது. வாய்வுக்கே ஒத்துக்கொண்டேன்.

மதினி தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் ரவிக்கையைத் தூக்கிப் பார்த்தால், விலாவில் சிவப்பாக ஒரு திட்டு. அதன்மேல் கடுகு கடுகாக நீர் கோத்த கொப்புளங்கள்.

மதினி வாயில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, பொசுக்கிட்டேனே! தம்பி பொண்டாட்டியப் பொசுக்கிட்டேனே!"

அவரைத் தேற்றுவதிலேயே அந்த நாள் போய்விட்டது. எரிந்தது எனக்கு, அழுதது அவர். மறுநாள் கொப்புளங்கள் முதுகுப் பக்கம் நகர்ந்திருந்தன. ஒத்தடம் பட்டே இராத இடம். மதினி குனிந்து பார்த்தார். விரலால் தொடாமல் காற்றிலேயே அந்தப் பாதையைத் தடவினார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

"என் தப்பில்ல! புள்ள, என் தப்பே இல்ல! இது அக்கி!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: சிரித்தால் உயிர் போகிறது. விலாவுக்குள் நெருப்புக் குச்சியைக் கிழித்ததுபோல் இருந்தது. அந்த இரண்டு மூன்று வாரமும் என் பாடு இதுதான். சிரிக்கக்கூடாது என்று ஆன பிறகுதான் உலகத்தில் உள்ளதெல்லாம் வேடிக்கையாகத் தெரிந்தது.

சிரிப்பு நின்றதும் மதினி குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். அக்கி பாம்புபோல உடம்பைச் சுற்றும். தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைப்பதில்லை.

படித்தவள், நான் அதை நம்பவில்லை. நம்பாததால் தையல் நாடாவை எடுத்து அளந்தேன். ஆறு அங்குலம். மறுநாள் காலை எட்டு. என் உடம்பின் சுற்றளவு ஜப்பான் சண்டைக்கு முன் முப்பத்திரண்டு அங்குலம், இப்போது இருபத்தெட்டு. அதாவது, நான் இளைத்ததால் அக்கிக்கு நான்கு அங்குல வேலை குறைந்தது. இந்தக் கணக்கைக் கணவரிடம் சொன்னேன். அவர் தண்ணீர் இலாகாவில் எழுத்தர். ஆபீசில் ஜப்பானிய மொழி படிக்கச் சொல்லியிருந்ததால் எந்த எண்ணைக் கேட்டாலும் மனத்துக்குள் அந்த மொழியில் சொல்லிப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது.

"எட்டுன்னா ஹாச்சி," என்றார்.

"என்னங்க, நான் சாகப்போறேன்ங்கிறேன்."

"இன்னும் இருபது இருக்கே. இருபதுக்கு என்ன சொல்லுவாங்க? இரு, வருது..."

சிரித்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கிக்கு எழுத வேண்டும் என்றார் மதினி. பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் மண்பாண்டம் செய்கிற ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். சண்டைக்கு முன் பூந்தொட்டி செய்தவர்கள், அப்போது மண் அடுப்பு செய்துகொண்டிருந்தார்கள். காவி மண்ணைக் குழைத்து, அக்கியின் மேலே சிங்கத்தின் உருவை எழுதினால் அது அடங்கும். மூன்று நாள், சூரியன் உதிக்கும் முன் எழுத வேண்டும். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் ஏழு மணிக்கும் இருட்டாகவே இருந்தது. சூரியனுக்கு முன் போய்ச் சேருவது அந்தக் காலத்தில் சுலபம்.

எழுதத் தெரிந்தவர் அந்த மண்பாண்டக்காரர்தான். ஆனால் இடமோ என் விலா. ஆகவே நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர் நின்று சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் அவர் மனைவி கோழி இறகால் எழுதினாள்.

"மொதல்ல தல. பெரிசாப் போடு."

"போட்டுட்டேன்."

"பிடரி மயிரு?"

"அதெல்லாம் வந்துகிட்டிருக்கு. நீங்க சும்மா இருங்க."

"கால் நாலு, மறந்துடாத. போன தடவ அந்தச் செட்டியாருக்கு மூணு கால்தான் போட்ட."

"அவருக்கு எடம் பத்தல!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காவி குளிர்ச்சியாக இருந்தது. அது ஒன்றுதான் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் குனிந்து பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்ததாலோ என்னவோ, பூனைபோல இருந்தது. ஊரின் பெயரையே ஷோனான் என்று மாற்றி, சிங்கப்பூர் என்று வாய்தவறிச் சொல்லக்கூடப் பயந்திருந்த காலம். நானோ விலாவில் ஒரு சிங்கத்தைச் சுமந்துகொண்டு வீதியில் நடந்துவந்தேன். அந்த நினைப்பிலேயே வீடுவரை சிரிப்பும் வலியுமாக வந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கியதும்தான் சிரிப்பு நின்றது. அவள் எப்போதும் என் இடது பக்கம்தான் ஒட்டிக்கொண்டு தூங்குவாள். கொப்புளம் வந்த முதல் நாள் நாங்கள் அதைச் சூட்டுப்புண் என்று நினைத்து மூடக்கூட இல்லை. அவள் கை அதன்மேல் பட்டிருக்குமா? பட்டிருந்தால்? பால் கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் எதைக் கொடுப்பது? பால் டின்னைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கு ஆகியிருந்தது. என்னைச் சுற்றி அக்கி எத்தனை அங்குலம் வந்தது என்பதே அதன்பிறகு எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் வரிசையின் கோடி வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து கட்டுவதும் டாக்டர் சொல்வதை நோயாளியின் சீட்டில் எழுதுவதும் அவர் வேலையாக இருந்தது. எந்த டாக்டரையும்விட அதிகம் பார்த்தவர் என்று பேர். எழுதிய மூன்றாம் நாள் அவரை அழைத்துவந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகுப் பக்கம் பார்த்தவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"இதென்ன பிள்ளை இது?"

"சிங்கம்," என்றார் மதினி.

"நான் நோயைப் பாக்க வந்தனான். சிங்கத்தைப் பாக்க வரேல்ல. கழுவிப்போட்டு வாரும்."

"கழுவக்கூடாது. ஏழு நாள் தண்ணி படக்கூடாது."

"அப்ப நான் என்னத்தை அம்மா பாக்கிறது?"

கடைசியில் முதுகெலும்புக்கு அருகே காவி படாத ஓர் இடம் அகப்பட்டது. ஒரு ரூபாய் நாணயம் அளவு. அதை வைத்தே அவர் நோயைச் சொல்லிவிட்டார்.

"ஓம். அக்கிதான். இஞ்ச பாரும், முள்ளந்தண்டில வந்து நிண்டிட்டுது. முன்னுக்கு நெஞ்செலும்பில நிக்கும். இது ஒரு நரம்பு போற வழி. அந்த வழியிலதான் போகும், மற்றப் பக்கம் தாண்டாது. சுத்தி வந்து ஆளைக் கொல்லுறதெண்டது சும்மா கதை."

எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. மதினிக்கு அந்தக் காவி படாத இடத்தின்மேல்தான் கண். "வால் விட்டுப்போச்சு! கேட்டீங்களா? வாலில்லாம எழுதியிருக்கா! அதான் இன்னும் எரியுது!"

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. "சின்னனில உமக்குப் பொக்குளிப்பான் வந்ததோ?" என்று கேட்டார். தண்ணியம்மையைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஏழு வயதில் வந்தது என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, நான் கேட்க வந்ததும் கேட்கப் பயந்ததுமான பதிலைச் சொன்னார். அக்கியும் பொக்குளிப்பானும் ஒரே குடும்பம். தகப்பனுக்கு அக்கி வந்து, இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளுக்குப் பொக்குளிப்பான் வந்ததை அவர் வார்டிலேயே பார்த்திருக்கிறார்.

"பால் குடுக்கிறதை நிப்பாட்டாதையும். கொப்பளத்தைச் சுத்தமான சீலையால மூடும். சீலையை அவியும். வலிக்கு மருந்தெண்டு இப்ப ஒண்டும் கிடைக்காது. தூவுறதுக்கு மா வேணும். என்ன மா இருக்கு?"

"மரவள்ளி மாவு," என்றோம் இரண்டு பேரும்.

"அது நல்லது," என்றார்.

குற்றவாளியாக இருந்த கிழங்கு அன்று மருந்தானது. மெல்லிய துணியில் சலித்து அதைக் கொப்புளங்களில் தூவினேன். மதினி என்னை மறுபடி பஃபலோ ரோட்டுக்கு இழுத்துப்போய், வாலோடு முழுச் சிங்கமாக இன்னும் மூன்று நாள் எழுதவைத்தார். காவி தானாக உதிரும்வரை கழுவவும் விடவில்லை. டிரஸ்ஸர் சொன்னதையும் கேட்டேன், மதினி சொன்னதையும் கேட்டேன். யார் மனத்தையும் புண்படுத்தக்கூடாது, எது சரியென்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடுமோ என்று மூன்றாவது கவலை.

இரண்டு வாரம். தினமும் மகளின் உடுப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொசுக்கடிக்கு அழுதேன். வேர்க்குருவுக்கு அழுதேன். பதினைந்தாம் நாள் அவள் வயிற்றில் மூன்று புள்ளிகள். உடம்பு லேசாகச் சுட்டது. மறுநாள் காலையில் முதுகிலும் தலைமயிருக்குள்ளும் புள்ளிகள், சில சிவப்பாக, சில நீர் கோத்து.

மதினி உடனே வாசலில் வேப்பிலை செருகினார். "ஆத்தா வந்துட்டா. பேசாம இரு, யார்கிட்டயும் மூச்சு விடாத."

இங்கேதான் நான் செய்த காரியம். கீழே மளிகைக் கடையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: காய்ச்சலோடு உடம்பில் கொப்புளம் கண்டால் வரிசைக்குப் பொறுப்பானவரிடம் தெரிவிக்க வேண்டும். பெரியம்மையைப் பற்றிய பயம்தான். பெரியம்மை என்று சந்தேகம் வந்தால் ஆளைப் படகில் ஏற்றி, நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கைக்குழந்தை என்றாலும் தாயை உடன் விடுவார்களோ மாட்டார்களோ என்று பேச்சு. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எழுதி ஒட்டியிருக்கிறதே! விதி என்று அச்சில் இருந்தால் என் கால் தானாக அங்கே போய் நின்றுவிடும். கடைக்காரரான ராவுத்தர்தான் பொறுப்பு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்களாவா வந்து சொல்றீங்க? நான் கேட்டனாலா?"

"போட்டிருக்கே..."

"போட்டிருப்பான்லா. சரி, சொல்லிட்டீங்க. எனி நான் சொல்லாம இருக்க முடியாது."

மாடிப்படி ஏறும்போதே என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. மதினியிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "படிக்க வச்சவங்களச் சொல்லணும்," என்றார். அது கத்தியதைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலையில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். கணவர் ஆபீசுக்குப் போகாமல் இருந்தார். கோடி வீட்டு டிரஸ்ஸரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். வந்தவர் ஒரு ஜப்பானிய டாக்டர், கூட ஒரு சிப்பாய். டாக்டர் குள்ளமாக, கண்ணாடி போட்டு, எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் சாயலில் இருந்தார். எல்லோரும் குனிந்து வணங்கினோம். வணங்காவிட்டால் அறை விழும் என்பது ஊரறிந்தது. மதினி நன்றாகக் குனிந்தார். கணவர் அளவெடுத்ததுபோல் குனிந்தார். நான் குனிந்தபோது விலா இழுத்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, நொண்டிக் கோழிபோல் வணங்கினேன்.

டாக்டரின் புருவம் சுருங்கியது. சிப்பாய் ஓரடி முன்னால் வந்தான்.

அப்போது டிரஸ்ஸர் எழுந்து, என் விலாவைக் காட்டி, அக்கியின் ஆஸ்பத்திரிப் பெயரை இரண்டே சொல்லில் சொன்னார். "ஹெர்பிஸ் சோஸ்டர்."

டாக்டர் திரும்பினார். ஆச்சரியத்தோடு அதையே தன் உச்சரிப்பில் திருப்பிச் சொன்னார். முப்பது வருஷம் நோயாளிகளின் சீட்டில் எழுதிய லத்தீன் பெயர்கள் பெரியவருக்கு மனப்பாடம். அவரும் டாக்டரும் பேசிக்கொள்ள வேறு ஒரு பாஷையும் இல்லை. அந்த நோய்ப்பெயர்களிலேயே பேசினார்கள். பெரியவர் குழந்தையின் வயிற்றைக் காட்டித் தண்ணியம்மையின் பெயரைச் சொன்னார். "வாரிசெல்லா." சிவப்புப் புள்ளி ஒன்று, நீர்க்கொப்புளம் ஒன்று, காயத் தொடங்கியது ஒன்று என்று ஒரே இடத்தில் மூன்று விதம் இருப்பதைக் காட்டினார். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விரித்துக் காட்டினார், அங்கே ஒன்றுமில்லை. பெரியம்மை என்றால் எல்லாம் ஒரே பருவமாக, முகத்திலும் கைகால்களிலும் நெருங்கி, உள்ளங்கையிலும் வந்திருக்கும் என்று பிறகு எங்களுக்கு விளக்கினார். அப்போது எங்களுக்கு எதுவும் புரியவில்லை. நான் டாக்டரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விலாவைக் காட்டச் சொன்னார்.

மதினி கொடியில் கிடந்த சேலையை உருவி என் முன்னால் விரித்துப் பிடித்தார், மண்பாண்டக்காரர் வீட்டில் கட்டியிருந்த அதே மாதிரி. ஒரு சாண் இடம் மட்டும் தெரியும்படி விலக்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்கு வந்தது எங்கிருந்து வந்தது என்பதற்கு என் உடம்புதான் சாட்சி. எந்தக் கொப்புளத்துக்காகப் பதினைந்து நாளாக என்னையே நான் திட்டிக்கொண்டேனோ, அது இப்போது எங்களுக்காகப் பேச வேண்டும்.

காலடி அருகே வந்து நின்றது. பிறகு டாக்டர் கேட்டார்: "நெக்கோ?"

"ஹாய்," என்று ஜப்பானிய மொழியில் ஆமாம் போட்டார் கணவர்.

"என்னவாம்?" என்றார் மதினி, சேலைக்குப் பின்னாலிருந்து.

"பூனையான்னு கேக்கிறார்."

"பூனையா! சிங்கம்னு சொல்லுடா! வால் பார்க்கலியா?"

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். பூனையாவே இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க விலா குத்தியது, குத்தக் குத்தச் சிரிப்பு வந்தது, கண்ணீர் ஓடியது. நான் அழுகிறேன் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். மெதுவாக ஏதோ சொன்னார். சேலையை மூடச் சொல்லிக் கையசைத்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி, நெற்றியோரத்தில் இருந்த சின்னக் குழியைக் காட்டி, சிறுபிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டினார். அவருக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறது.

பிறகு இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தார். எல்லோரும் பயந்துபோனோம். என் தையல் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன், கொடுத்திருக்கக்கூடாதோ என்று அதே கணம் நினைத்தேன். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையின் கையைப் பிடித்து, நகங்களை வெட்டத் தொடங்கினார். சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. மகள் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். என் கணவர் பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொரு நகத்துக்கும் வாய்விட்டு எண்ணினார். "இச்சி... நி... சான்..." சிப்பாய்கூடச் சிரித்தான். பத்துக்கு "ஜூ" என்றதும் டாக்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

போகும்போது ஒரு தாளில் ஏதோ எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார். சீன எழுத்துப்போல் இருந்த அதில் கணவரால் ஒன்றைத்தான் படிக்க முடிந்தது: ஏழு.

"ஏழு நாள் வீட்டுல இருக்கணும்," என்றார்.

"ஏழு பேர் வருவாங்கன்னு போட்டிருந்தா?" என்றேன் நான்.

"வந்தா உக்காற எங்க எடம் இருக்கு?" என்றார் மதினி. தாளை வாங்கி, வேப்பிலைக்குக் கீழே அவரே ஒட்டினார்.

ஏழு நாளும் யாரும் வரவில்லை, படகும் வரவில்லை. கொப்புளங்கள் ஒவ்வொன்றாக உலர்ந்து உதிர்ந்தன. இப்போது ஊர் மறுபடி சிங்கப்பூர் ஆகிவிட்டது, மகளுக்கு நாலு வயது, புருவத்துக்கு மேலே ஒரே ஒரு குழி. என் விலாவில் ரவிக்கைத் தையல் பட்டால் இன்னும் சுருக்கென்கிறது. அன்று ராவுத்தரிடம் போய்ச் சொன்னது சரியா தவறா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தக் காலையில் டாக்டர் போனதும் குழந்தையை மடியில் போட்டு அவள் விரல்களைப் பார்த்தேன். எனக்குத்தான் எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் இருக்க முடியாதே. ஒன்பது நகம்தான் வெட்டியிருந்தது. இடது கட்டைவிரல் அப்படியே இருந்தது. என் கணவர் எண்ணும்போது ஐந்தை விட்டுவிட்டார். டாக்டரும் பத்து என்று கேட்டதும் நிறுத்திவிட்டார்.

"ஐந்துக்கு என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்தார். "இரு, வருது..."

விலாவைப் பிடித்துக்கொண்டு, கத்தரி நடுங்காமல் இருக்கச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அந்தப் பத்தாவது நகத்தை நான் வெட்டினேன்.